சீலிங் போட்ட வீடு

ப்ளோரன்ஸின் வீட்டை விற்பது என்று முடிவான பிறகு, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதல் காரியமாக அண்ணாந்து பார்த்தார்கள். அந்த வீட்டில் வற்றாத கிணறு உண்டு, பின்னால் காய்க்கிற தென்னை உண்டு, வாசல்வரைக்கும் கார் வரும். அதையெல்லாம் ஒருத்தரும் சட்டை செய்யவில்லை. செருப்பைக் கழற்றுவதும் தலையைத் தூக்குவதும் ஒன்றாக நடக்கும். தூக்கிய தலை இறங்கும்போது முகம் மாறியிருக்கும். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விடுவார்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்பது ப்ளோரன்ஸுக்கும் தெரியும்.

அந்த மேல்தளத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். முன்னறையில் பூச்சு உப்பிப் பொரிந்து நின்றது. அடுக்களையில் பழுப்புக் கறை. அவளுடைய கணவன் ஸ்தனிஸ்லாஸ் படுத்துக் கிடந்த அறையில் இன்னும் மோசம். பூச்சு விழுந்து, அதற்கு மேலே இருந்த கான்கிரீட்டும் சில்லுச் சில்லாக உதிர்ந்து, உள்ளே இருக்கவேண்டிய கம்பி வெளியே தெரிந்தது. கம்பி என்று மரியாதைக்குச் சொல்லலாம். விரலால் தொட்டால் பொடியாக வரும் வெறும் துரு அது.

ஏன் இப்படி ஆனது என்று ப்ளோரன்ஸிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. காரோடு ஊரில் கடற்கரையான கடப்புறத்தை ஒட்டிய ரோடுகளில் அந்தக் காலத்தில் எழும்பிய பாதி வீடுகளுக்கு மண் சுமந்தவள் அவள். இருபது வயதிலிருந்து கையாள் வேலை. தலையில் சும்மாடு, அதன்மேல் சட்டி, கீழிருந்து மேல்தளம் வரைக்கும் சாரத்தில் ஏறி இறங்குவது. ஆற்று மணல் லாரி எடுக்க வழியில்லாதவர்கள் கடல் மணலைத்தான் வாரினார்கள். அதில் உப்பு இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு அவர்களே ஒரு வைத்தியமும் வைத்திருந்தார்கள். மணலை வீட்டு முற்றத்தில் குவித்துப் போட்டு, ஒரு இடவப்பாதி மழைக்காலம் முழுக்க நனைய விடுவது. மழை முடிந்ததும் குவியலின் நடுவே கையை விட்டு ஒரு நுள்ளு எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது. கரிக்கவில்லை என்றால் மேல்தளக் கான்கிரீட் வார்ப்புக்கு நாள் குறிக்கலாம். எஞ்சினியரும் கிடையாது, சோதனையும் கிடையாது. நாக்கு சொன்னால் போதும். வாய்க்குத் தெரியாத உப்பு கம்பிக்குத் தெரியும் என்று அன்றைக்கு ஒருத்தரும் நினைக்கவில்லை.

ப்ளோரன்ஸின் வீட்டு மணலுக்கு முழு மழைகூடக் கிடைக்கவில்லை. ஸ்தனிஸ்லாஸ் அப்போது பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருந்தார். லீவுக்கு வந்தவர் வார்ப்பை முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த வருஷம் மழை பிந்தியது. ப்ளோரன்ஸ் மணலை நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அவரும் ஒரு நுள்ளு வாயில் போட்டுப் பார்த்தார். சிரித்தார். "கொஞ்சம் உப்பு வேணுமாக்கும். இல்லெங்கி ருசி இருக்காது" என்றார். அவளும் சிரித்தாள். மறுநாள் வார்ப்பு, தெரு முழுக்க வந்து சட்டி மாற்றியது, எல்லாருக்கும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். மேலே ஈரத் தளத்தில் நின்றுகொண்டு ஸ்தனிஸ்லாஸ் கீழே அவளைப் பார்த்துக் கையசைத்தார். அவர்கள் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமான நாட்கள் நிறைய இல்லை.

பக்கவாதம் வந்தபோது அவர் ஊருக்குத் திரும்பிப் பல வருஷம் ஆகியிருந்தது. வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போயிற்று. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும், அதில் சொல் கிடையாது. மிஞ்சியது இடது கை. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவர் பேசக் கற்றுக்கொண்டார், அவள் கேட்கக் கற்றுக்கொண்டாள். கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால் குடிக்க வெள்ளம். முஷ்டியை நெஞ்சில் வைத்தால் படுத்தது போதும், உட்கார வை. இரண்டு விரலை ஆட்டினால் மூத்திரம். பார்க்க வருகிறவர்கள், "அவரு என்ன சொல்லுதாரு?" என்று அவளைக் கேட்பார்கள். அவள் சொல்வாள். சரியாகச் சொல்லிவிட்டால் அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பார். பிசகிவிட்டால் கையால் கட்டிலை அடிப்பார். மகள் டெல்னாவுக்கே பாதி புரியாது. அம்மாவைத்தான் கேட்பாள்.

ஒரு நாள் காலையில் அவருக்கு முகம் துடைத்துவிடப் போனபோது போர்வையில் ரத்தம் இருந்தது. விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கான்கிரீட் சில்லு, செத்துப்போன வலது காலின்மேல் கிடந்தது. சதை பிளந்திருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டார். ப்ளோரன்ஸ் அன்றைக்கு நன்றாகப் பயந்தாள். தலையில் விழுந்திருந்தால் என்ற எண்ணத்தைவிட, காலில் விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் அவளை உலுக்கியது.

கட்டிலை நகர்த்த அந்த வீட்டில் வேறு இடம் இல்லை. கக்கூசுக்குப் பக்கத்தில் இருப்பது அந்த அறை ஒன்றுதான். அதனால் அவர்களுக்குள் ஒரு வேலைமுறை உண்டாயிற்று. அவருக்கு நாள் முழுக்க மேலே பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. புதிதாக ஒரு வெடிப்பு வந்தால், பூச்சு கொஞ்சம் பிதுங்கினால், சத்தம் எழுப்பி அவளைக் கூப்பிட்டு இடது கையை மேலே தூக்கி விரலால் இடத்தைக் காட்டுவார். அவள் கட்டிலை ஒரு ஓரம் இழுத்துவிட்டு, தேங்காய் பறிக்கும் கம்பால் அந்த இடத்தைத் தட்டுவாள். விழவேண்டியது விழும். கூட்டி அள்ளுவாள். கட்டிலை மறுபடி தள்ளுவாள். அவர் கண்ணை மூடித் திறப்பார். நோயாளிக்கு இப்படி ஒரு உத்தியோகமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த மனுஷனுக்கு அதில் ஒரு கௌரவம் இருந்தது. வீட்டுக்காரர் வீட்டைப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் கட்டிலை இழுக்க அவள் முதுகு சம்மதிக்கவில்லை. ஆயுசு முழுக்கச் சட்டி சுமந்த முதுகு அது. ஒரு தடவை அவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது பிடித்துக்கொண்டது. நிமிரமுடியாமல் தரையில் கிடந்தாள். மேலே கட்டிலில் அவர், கீழே அவள். பக்கத்து வீட்டுக்காரி ஆட்டுக்குக் கஞ்சித்தண்ணி கேட்டு வரும்வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான் டெல்னா பிடிவாதமாக நின்றாள். அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள், மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். வீட்டை விற்று அங்கே தரையோடு சின்னதாக ஒரு வீடு வாங்கினால் எல்லாரும் ஒன்றாக இருக்கலாம், அப்பாவுக்கு மருந்தும் பக்கம். வேறு வழி உண்மையிலேயே இல்லை. ப்ளோரன்ஸ் இன்னொரு தடவை விழுந்தால் அவர் கதி என்ன என்பதுதான் கேள்வி.

முதலில் உள்ளதைச் சொல்லித்தான் விற்கப் பார்த்தார்கள். டெல்னா அப்படிச் சொல்லியிருந்தாள். "மறைக்காண்டாம் அம்மா. கண்டத காட்டி, விலைய குறைச்சு குடுப்போம்." காட்டினார்கள். வந்தவர்கள் போனார்கள். கடைசியில் ஒருத்தர், வீட்டை இடித்துப் போட்டுவிட்டு மண்ணுக்கு மட்டும் விலை தருகிறேன் என்றார். இடிக்கிற கூலியையும் அதில் கழித்துக்கொள்வாராம். அந்தப் பணத்தில் நெய்யாற்றின்கரையில் ஒரு கக்கூஸ்கூடக் கட்டமுடியாது.

மகன் ஜெய்சன் ஷார்ஜாவில் இருந்து வீடியோவில் வந்தான். "அம்மா, இந்தக் காலத்துல ஆராவது வார்ப்ப பார்ப்பினுமா? ஜிப்சம் சீலிங் போடு. வெள்ளையா, ஓரத்துல லைட்டு வச்சி. கண்ணு அங்கதான் போவும்." புரோக்கர் பொன்னையனும் அதையேதான் சொன்னார். பக்கத்து ரோட்டில் இரண்டு வீட்டை அவர் அப்படித்தான் தள்ளிவிட்டிருந்தார்.

"அது பழச புதுசாக்குததுதான் ப்ளோரன்ஸே. பெயின்ட் அடிச்சா ஆராவது களவுண்ணு சொல்லுவினுமா?"

"மேல கம்பி இல்லியே பொன்னையா. அத என்ன செய்ய?"

"நீ அத வாயத் தொறந்து சொன்னேண்ணு வை. இந்த ரோட்டுல நாளைக்கு ஒரு வீடும் விலை போவாது. எல்லாம் நீ சுமந்த மண்ணுதானே? உன் வீட்டுல அது உண்டுண்ணா எல்லா வீட்டுலயும் உண்டு. பெண்பிள்ளைய கெட்டிக் குடுக்க ஒரு வீட்ட நம்பி இருக்கவங்க எத்தனபேரு."

ப்ளோரன்ஸ் சீலிங்குக்கு ஆள் பார்க்கச் சொன்னாள். நல்லவர்கள்கூட இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள். தன் பிழைப்புக்காகப் பொய் சொல்ல மனசு கூசும். ஊருக்காக என்று சொல்லிக்கொண்டால் கூச்சம் பாதி குறைந்துவிடும்.

சீலிங் வேலைக்குப் பாறசாலையிலிருந்து ஷிபு வந்தான். ஏணியில் ஏறிச் சுத்தியலின் பின்பக்கத்தால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே போனான். எங்கே தட்டினாலும் பொத்துப்போன சத்தம்தான் வந்தது. ட்ரில்லை ஒரு இடத்தில் வைத்துப் பார்த்தான். ஒரு பெரிய கட்டி பெயர்ந்து ஏணியின் காலருகே விழுந்தது. இறங்கி வந்து தலையிலிருந்து தூசியைத் தட்டினான்.

"சேச்சி, இதுல ஆணி நிக்காது. நாலு சுவத்துலயும் பிரேம் அடிச்சி, மேல தொடாம நிறுத்தித் தரலாம்."

"அது நிக்குமா?"

"என் சீலிங் நிக்கும். அதுக்கு மேல உள்ளத நான் சொல்ல முடியாது." கொஞ்சம் தயங்கினான். "வாங்க வாறவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க, கேட்டியளா."

"சொல்லுவேன்" என்றாள் ப்ளோரன்ஸ். அவனுக்கு அது போதுமாக இருந்தது. ஆளாளுக்கு ஒரு வார்த்தையை அடுத்தவர் தலையில் ஏற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அந்தச் சட்டி கடைசியில் ப்ளோரன்ஸின் தலையில்தான் வந்து நின்றது.

வேலை நடந்தபோது ஸ்தனிஸ்லாஸை முன்னறையில் போட்டிருந்தார்கள். முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து கிடத்தினார்கள். மேலே பால்போல வெள்ளை. ஓரம் முழுக்க மறைவாக வெளிச்சம். அறையே ஏதோ ஓட்டல் அறை மாதிரி ஆகியிருந்தது. அவர் கண் அங்கும் இங்கும் தேடியது. வெடிப்பு இல்லை, கறை இல்லை, பார்க்க ஒன்றுமே இல்லை. இடது கையைத் தூக்கினார். எந்த இடத்தைக் காட்டுவது என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. ப்ளோரன்ஸுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அடுக்களைக்குப் போய் அழுதாள்.

அந்த வாரத்திலேயே சத்தம் கேட்க ஆரம்பித்தது. மேலே, வெள்ளைப் பலகைக்குப் பின்னால், 'டப்' என்று ஒன்று விழும். பின்னாலேயே சரசரவென்று பொடி உருளும். அவ்வளவுதான். வீட்டில் ஒரு தூசி கிடையாது. ஒவ்வொரு தடவையும் அவர் கையைத் தூக்கி மேலே காட்டுவார். அவள் கம்பை எடுக்கமாட்டாள். எடுத்து எங்கே தட்டுவது?

ஜினுவும் ஜெயனும் வந்தது அப்போதுதான். இருவரும் செங்கல் என்ற ஊர்ப் பக்கத்துக்காரர்கள். ஜினு அந்த ரோட்டின் முனையில் உள்ள பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஜெயனுக்கு விழிஞ்ஞத்தில் துறைமுக வேலை. ஜினுவின் இடுப்பில் கைக்குழந்தை, நந்தனா என்று பெயர். ஜினு வாசலில் செருப்பைக் கழற்றினாள், அண்ணாந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. இத்தனை மாதத்தில் அந்த வீட்டில் அண்ணாந்து பார்த்துச் சிரித்த முதல் ஆள் அவள்தான்.

அறை அறையாகப் பார்த்துவிட்டு ஸ்தனிஸ்லாஸின் அறைக்கு வந்தார்கள். "அங்கிளே, சுகமா?" என்று ஜினு கேட்டாள். சும்மா கேட்கவில்லை, கட்டில் பக்கத்தில் குனிந்து அவர் கையைத் தொட்டுக் கேட்டாள். நல்ல பெண். அந்த நேரம் பார்த்து மேலே 'டப்' என்றது.

"அது என்ன ஆன்ட்டி சத்தம்?"

ப்ளோரன்ஸின் வாய் அவளைக் கேட்காமலேயே பதில் சொன்னது. "எலியாக்கும் மக்கா. புது சீலிங் இல்லியா, உள்ள கேறிட்டு. பொறி வச்சா போவும்."

ஸ்தனிஸ்லாஸ் அவளைப் பார்த்தார். பிறகு ஜினுவின் பிடியிலிருந்து கையை உருவி நேராக மேலே நீட்டினார்.  தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப.

"அங்கிள் என்னவோ சொல்லுதாவ" என்றாள் ஜினு. "என்னவாம் ஆன்ட்டி?"

அந்த ஒரு நொடியில் ப்ளோரன்ஸ் எல்லாவற்றையும் யோசித்தாள். தரையில் விழுந்து கிடந்த பகலை யோசித்தாள். டெல்னா பார்த்து வைத்திருக்கும் வீட்டை, அதன் முன்னால் சக்கர நாற்காலி ஏற இருக்கும் சாய்தளத்தை. குழந்தையைப் பார்க்காமல் இருக்கச் சுவரைப் பார்த்தாள்.

"லைட்டு பிடிச்சிருக்காம்" என்றாள். "வாற எல்லார்கிட்டயும் காட்டுவாவ."

அவர் கட்டிலை அடித்தார். பலம் இல்லாத அடி. ஜினு அதையும் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

முன்பணம் கொடுத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜினு மறுபடி வந்தாள். அந்த அறையைக் குழந்தைக்கு வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். காற்று நன்றாக வருகிறதாம். "தொட்டில் கட்ட கொக்கி உண்டுமா ஆன்ட்டி? வார்ப்புல போட்டிருப்பினும் இல்லியா? அந்த இடத்துல மட்டும் சீலிங்க கொஞ்சம் வெட்டித் தந்தா போரும்."

கொக்கி இருந்தது. ஜெய்சனும் டெல்னாவும் அதில் கட்டிய தொட்டிலில்தான் தூங்கினார்கள். இப்போது அதில் ஒரு துண்டைக் கட்டித் தொங்கவிட்டால்கூட மேல்தளம் சேர்ந்து வரும்.  சொல்லிவிடுவதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. வாயைத் திறந்தாள்.

"கொக்கி போடல்ல மக்கா. துணித் தொட்டில் எதுக்கு? ஸ்டாண்டு தொட்டிலாக்கும் நல்லது. நான் வாங்கித் தாறேன். நந்தனாக்கு எனக்க வகையா இருக்கட்டு."

சொன்னபடி வாங்கியும் கொடுத்தாள். ஸ்டீல் ஸ்டாண்டு, சக்கரம் வைத்தது. வீட்டை விற்றவள் குழந்தைக்குத் தொட்டிலும் கொடுத்தாள் என்று ஜினு பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். ப்ளோரன்ஸும் தன்னிடமே கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். தொங்கவிடாமல் தடுத்தாயிற்று. சின்னச் சில்லுகளை ஜிப்சம் தாங்கும். பெரிய கட்டி விழ இன்னும் காலம் உண்டு. அதற்குள் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கணக்கு எதுவும் உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே சொல்லிக்கொண்டாள்.

டெல்னா ஒரே ஒரு தடவை கேட்டாள். "டீச்சர்கிட்ட மேல உள்ளத சொன்னியா அம்மா?"

"சொன்னேன். அவங்களுக்குத் தெரியும்."

டெல்னா அம்மாவை நம்பினாள். அவள் நம்பாமல் இருக்க இதுவரைக்கும் காரணம் எதுவும் இருந்ததில்லை.

பத்திரம் பதிந்தது. நெய்யாற்றின்கரையில் வீடு வாங்கினார்கள். சின்ன வீடுதான், ஆனால் தரை ஒரே மட்டம், கதவுகள் அகலம். கையில் வந்தது முழுக்க அந்தச் சுவர்களுக்குள் போயிற்று. ஸ்தனிஸ்லாஸை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். வண்டியில் ஏற்றும்போது அவர் தன் வீட்டை ஒருதரம் பார்க்கட்டும் என்று ப்ளோரன்ஸ் ஸ்ட்ரெச்சரைத் திருப்பச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் அவளிடம் பேசவில்லை. பேச்சே இல்லாத மனுஷன் எப்படிப் பேசாமல் இருக்கமுடியும் என்று சிரிக்க வேண்டாம். இடது கையைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். டெல்னா வந்தால் கட்டை விரல் வாய்க்குப் போகும். அவள் தப்பும் தவறுமாகப் புரிந்துகொண்டு, வெள்ளத்துக்குப் பதில் தலையணையை மாற்றி வைப்பாள். அவர் பொறுமையாக மறுபடி காட்டுவார். ப்ளோரன்ஸ் பக்கத்தில் நின்றால் எதுவும் காட்டமாட்டார். டெல்னா வேலைக்குப் போன பகல்களில் தாகத்தோடு கிடந்தார். இரண்டு விரலை ஆட்டுவதற்குப் பதில் துணியை நனைத்தார். ப்ளோரன்ஸ் மாற்றிவிடுவாள். மாற்றும்போது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொள்வார்.

"என்னட்ட சொல்லுங்க. என்ன வேணும்?" என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். கோபப்பட்டும் பார்த்தாள். "நான் எனக்காகவா செய்தேன்? ஆருக்காக்கும் செய்தேன்?" அவர் கை அசையவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளை அடித்ததில்லை, வைததில்லை. இது அதை எல்லாம்விடக் கொடுமையாக இருந்தது. அவள் சொல்லும் எதையும் அவர் சொன்னதாக இனி ஊர் நம்பலாம், அவர் நம்பமாட்டார்.

மேட மாதம், சித்திரை வெயில். காற்று அசையாத புழுக்கம். அன்றைக்கு டெல்னாவுக்கு லீவு, அடுக்களையில் இருந்தாள். ப்ளோரன்ஸ் அவருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருக்கும்போது ஜினு போன் செய்தாள். கை ஈரம் என்பதால் ப்ளோரன்ஸ் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தாள்.

"ஆன்ட்டி, சுகம்தானே? நந்தனா இப்ப முட்டுபோட்டு தவழுதா. அந்த அறைய விட்டு வெளிய வாறதேயில்ல." சிரித்தாள். பிறகு, "அந்த எலிய என்ன செய்யணும் ஆன்ட்டி? பொறி வச்சும் மாட்டல்ல. கோடை மழை பெய்த பிறகு சத்தம் கூடிட்டு. ஒரு இடத்துல சீலிங் தணிஞ்சும் நிக்குது. எலி கூடு வச்சிருக்கும்ணு ஜெயன் சொல்லுதாரு. கேறிப் பாக்க நேரம் கிடைக்கல்ல."

ப்ளோரன்ஸ் கஞ்சிக் கரண்டியைப் பிடித்தபடி இருந்தாள். சீலிங் தணிந்து நிற்கிறது என்றால் மேலே எவ்வளவு பாரம் இறங்கியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பாரம் சுமந்தவள் அவள். இப்போது ஒரு வார்த்தை போதும். குழந்தையை அந்த அறையிலிருந்து எடு, உடனே எடு. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கு அடுத்ததும் வரும். கடைசிக் கேள்வியில் இந்த வீடு போகும், இந்த அகலக் கதவுகள் போகும், டெல்னா தெருவில் நிற்பாள்.

"விஷம் வைக்கணும் மக்கா" என்றாள். "கடையில கிடைக்கும்."

"சரி ஆன்ட்டி. அங்கிள கேட்டதா சொல்லுங்க."

போன் அணைந்தது. அவள் நிமிர்ந்தபோது ஸ்தனிஸ்லாஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதமாகக் கவிழ்ந்து கிடந்த இடது கை மேலே எழும்பியிருந்தது. அவளுக்கு நேராக, அவளிடம். விரல் மேலே காட்டியது. அவர் கண்ணில் கோபம் இல்லை. கண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் அவளைக் கெஞ்சினார். தொண்டையிலிருந்து அந்தச் சத்தம், வீடு முழுக்கக் கேட்கும்படி.

அவர் தன்னிடம் மறுபடி பேசமாட்டாரா என்று ஏங்கியவள் அவள். கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் கேட்டு டெல்னா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னம்மா? அப்பா என்ன கேக்குதாரு?"

ப்ளோரன்ஸ் அவருடைய கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள். காலடியில் மடித்து வைத்திருந்த கம்பளியை இழுத்து, அந்தக் கையை உள்ளே வைத்துப் போர்த்தினாள்.

"குளிருதாம்" என்றாள்.

டெல்னா போய் ஃபேனை நிறுத்தினாள்.